கொழும்பில் பின்வளவுக்கு நிழல் போடப் போகிறீர்களா? மேற்குப் பக்கத்தில் இருந்து தொடங்குங்கள்

பின்வளவில் நிழல் வேண்டும் என்று தோன்றியதும் கொழும்பில் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது வெல்டிங் பாஸுக்கு, அதாவது இரும்பு வேலை செய்பவருக்கு, போன் எடுப்பதுதான். அவர் வந்து டேப்பை இழுத்து அளப்பார். “நாலு தூண், மேலே ஷீற், ரெண்டு நாள் வேலை” என்பார். வேலையும் முடிந்துவிடும். அப்புறம் பின்னேரம் நாலு மணிக்குத் தேத்தண்ணியோடு போய் உட்கார்ந்தால், கூரை தலைக்கு மேலே இருக்கும், வெயில் நேரே முகத்தில் அடிக்கும். கூரையின் நிழல் பக்கத்து மதிலில் விழுந்திருக்கும்.

பாஸின் வேலையில் குறை இல்லை. எந்த நேரத்துக்கு நிழல் வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆகவே கடைக்குப் போவதற்கும் பாஸைக் கூப்பிடுவதற்கும் முன்னால், வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை கொஞ்சம் இருக்கிறது.

முதல் படி: நிழல் எங்கே விழும் என்று பாருங்கள்

கொழும்பு பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. அதனால் சூரியன் வருடத்தில் இரண்டு தடவை நமக்கு நேர் உச்சிக்கு வரும்: ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு தடவை, செப்டெம்பர் முதல் வாரத்தில் இன்னொரு தடவை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மத்தியான வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்து வரும். செப்டெம்பருக்குப் பிறகு தெற்குப் பக்கம் சாயும், டிசம்பர் கடைசியில் அந்தச் சாய்வு 30 பாகையைத் தொடும். வேறு நாட்டுக்காரர் எழுதிய குறிப்புகளில் “தெற்குப் பக்கத்தை மறையுங்கள்” என்று இருப்பதைப் பார்த்து இங்கே வேலை செய்தால் பாதி வருடம் ஏமாற்றம்தான்.

ஆனால் மத்தியானம் நமக்குப் பெரிய பிரச்சினை இல்லை. பன்னிரண்டு மணிக்கு யாரும் பின்வளவில் உட்கார்வதில்லை, அந்த நேரத்தில் எந்தக் கூரை போட்டாலும் நிழல் அதன் அடியிலேயே விழும். சிக்கல் மூன்று மணிக்குப் பிறகு. நாலு மணிக்குச் சூரியன் அடிவானத்தில் இருந்து சுமார் 30 பாகை உயரத்தில்தான் இருக்கும். அப்போது 9 அடி உயரத்தில் உள்ள கூரையின் நிழல் கிழக்குப் பக்கமாக ஏறத்தாழ 15 அடி தள்ளிப் போய்விடும். உங்கள் கூரையின் அகலமோ 10 அடி. அதாவது நீங்கள் காசு கொடுத்துப் போட்ட நிழலில் ஓர் அங்குலம்கூட உங்கள் கதிரையில் விழாது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒரு கதிரையை உட்கார நினைக்கும் இடத்தில் வையுங்கள். காலை பத்து, மத்தியானம் ஒன்று, பின்னேரம் நாலு, ஐந்து என்று நேரம் பார்த்து, மதில், மரம், வீடு ஆகியவற்றின் நிழல் எங்கே விழுகிறது என்று சோக்கால் தரையில் கோடு போடுங்கள். போனில் உள்ள திசைகாட்டியால் மேற்கு எது என்று குறித்துக்கொள்ளுங்கள். சூரியன் மறையும் இடம் ஜூனில் நேர் மேற்கில் இருந்து வடக்கே ஏறத்தாழ 23 பாகையும், டிசம்பரில் தெற்கே அதே அளவும் விலகும். அதனால் மேற்குப் பக்கம் போடும் மறைப்பு, உட்காரும் இடத்தை விட இரண்டு பக்கமும் நாலைந்து அடி நீண்டிருக்க வேண்டும்.

சோக் கோடு போட்டுப் பார்த்த சிலருக்கு ஒன்றுமே கட்டத் தேவையில்லை என்று தெரியவரும். மேற்கில் ஆறடி மதில் இருந்தால், கதிரையில் இருப்பவரின் தலை நாலடி உயரத்தில் இருக்கும். நாலு மணிக்கு மதிலில் இருந்து மூன்றடிக்குள் தலைக்கு நிழல் கிடைக்கும், ஐந்து மணிக்கு ஆறடி வரைக்கும் கிடைக்கும். பக்கத்தில் மாடி வீடு இருந்தால் இன்னும் சீக்கிரமே நிழல் வந்துவிடும். கதிரையை மட்டும் நகர்த்தினால் போதும்.

இரண்டாம் படி: மேற்கை மூடாமல் மறைப்பது

கொழும்பில் நிழல் போடுவதில் உள்ள உண்மையான சிக்கல் இதுதான். வெயில் மேற்கில் இருந்து வருகிறது. பின்னேரக் கடற்காற்றும் மேற்கில் இருந்துதான் வருகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கொண்டுவரும் சாரலும் அதே பக்கம்தான். வெயிலுக்குப் பயந்து மேற்கில் ஒரு தகரத்தை நிறுத்தினால் காற்றும் நின்றுவிடும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் காற்று இல்லாத நிழலில் பத்து நிமிடம் உட்கார முடியாது. சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே மேற்குப் பக்கத்துக்கு வேண்டியது காற்று புகும் மறைப்பு. நம்மூரில் இதற்கு மலிவான, பழைய விடை மூங்கில் தட்டி. விறாந்தைகளில் கயிறு இழுத்துச் சுருட்டும் அந்தத் தட்டியேதான். நாலு மணிக்கு இறக்கி ஆறு மணிக்குச் சுருட்டிவிடலாம். சாரலில் நனையும் இடமென்றால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் கறுத்துப்போகும், கயிறும் இற்றுப்போகும். மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை என்பதால் நான் அதைக் குறையாக எண்ணுவதில்லை. வெளிப்பக்கம் ஒரு வார்னிஷ் அடித்தால் இன்னும் கொஞ்சக் காலம் தாங்கும்.

நிரந்தரமாக வேண்டும் என்றால் சாய்வுச் சட்டங்கள் பொருத்திய மறைப்பு, ஓட்டைச் சீமெந்துக் கற்கள் அடுக்கிய சுவர், அல்லது கொடி படரவிட்ட கம்பி வலை. கொடி இருந்தால் இலை நீரை ஆவியாக விடுவதால் அதன் ஊடாக வரும் காற்று கொஞ்சம் குளிர்ந்தே வரும். கொடித்தோடை வேகமாகப் படரும், காயும் கிடைக்கும். கடதாசிப்பூ வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்கும், ஆனால் முள்ளோடு இருப்பதால் பிள்ளைகள் ஓடித் திரியும் வளவுக்கு நல்லதில்லை. சங்குப்பூ மெல்லிய மறைப்புக்குப் போதும். மல்லிகை வாசத்துக்காக வைக்கலாம், நிழலுக்கு அதை நம்ப வேண்டாம். எந்தக் கொடியானாலும் எறும்பும் மயிர்க்கொட்டியும் வரும் என்பதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவையுங்கள்.

பச்சை நிற ஷேட் நெற்றை மேற்கில் நேராகத் தொங்கவிடுவதும் நடக்கிற காரியம்தான். நெற் வாங்கும்போது நிழல் வீதத்தைக் கேளுங்கள். 50 வீதம் நாற்றுமேடைக்கு, மனிதருக்கு 75 அல்லது 80 வேண்டும். பின்னல் நெற் ஓரிடத்தில் கிழிந்தாலும் பிரிந்துகொண்டு போகாது, நெய்த நெற் நூல் நூலாகப் போகும். வெட்டித் தரும்போது விளிம்பை உற்றுப் பார்த்தாலே எது எது என்று தெரியும். பச்சை நெற்றுக்குப் பின்னால் எல்லோருடைய முகமும் பச்சையாகத் தெரியும். படம் எடுக்கும் வீடென்றால் கறுப்போ மண்நிறமோ வாங்குங்கள்.

மூன்றாம் படி: எதற்காக நிழல்?

இதைக் கேட்டால் எல்லோரும் “உட்கார்வதற்கு” என்றுதான் சொல்வார்கள். ஆனால் கொழும்பில் பின்வளவு என்பது துணி காயும் இடம். ஒக்டோபர், நவம்பரில் தினமும் பின்னேரம் மழை கொட்டும்போது கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவதுதான் வீட்டுக்காரருக்குப் பெரிய தலையிடி. உண்மையான தேவை அதுவாக இருந்தால் உங்களுக்கு வேண்டியது வெளிச்சம் புகும் கூரை. ஒளி புகாத தகரத்தின் கீழே துணி காயாது, ஈரவாடைதான் வரும். உட்காரவும் வேண்டும், துணியும் காய வேண்டும் என்றால் கூரையை இரண்டாகப் பிரியுங்கள்: வீட்டை ஒட்டிய பாதி மறைவாக, மதில் பக்கப் பாதி வெளிச்சமாக.

பின்பக்கம் விறகடுப்போ காஸ் அடுப்போ வைத்து மீன் பொரிக்கிற வீடென்றால் துணி, நெற், கிடுகு (பின்னிய தென்னோலை) மூன்றும் வேண்டாம், தீப்பிடிக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் தூண் நட்டுப் பணத்தை மண்ணில் போடாமல், பெரிய குடை ஒன்றும் தட்டி இரண்டும் வாங்கினால் வீடு மாறும்போது கூடவே கொண்டுபோகலாம். குடையில் நடுத்தண்டு உள்ளதே மேல். பக்கத்தில் இருந்து தொங்கும் வகை பார்க்க அழகு, ஆனால் அடிப்பாரம் போதாவிட்டால் ஒரு பின்னேரக் காற்றுக்கே சாய்ந்துவிடும்.

நாலாம் படி: தண்ணீர் எங்கே போகும்?

கொழும்புக்கு வருடத்தில் ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். 10க்கு 12 அடிக் கூரை 11 சதுர மீற்றர் வரும். ஒரு பின்னேர மழை 50 மில்லிமீற்றர் பெய்தால் அந்தக் கூரையில் இருந்து 550 லீற்றர் இறங்கும். அது எந்தப் பக்கம் விழும்? கூரையின் நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதற்குப் பதில் வேண்டும்.

பத்து பேர்ச் காணிக்குள் வீடு கட்டிய இடங்களில் கூரை விளிம்பு மதிலைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கும். சாய்வை மதில் பக்கம் விட்டால் தண்ணீர் அடுத்த வளவுக்குள் விழும். அயல்வீட்டுச் சண்டைகளில் பாதி இப்படித் தொடங்குவதுதான். சாய்வை உங்கள் பக்கமே திருப்புங்கள், இல்லையென்றால் மதிலுக்கு ஓரடி உள்ளேயே கூரையை முடித்துப் பீலி போட்டு, குழாயால் வடிகாலுக்குக் கொண்டுபோங்கள். பீலி போட்டால் அதற்கும் சாய்வு வேண்டும், கை எட்டும் உயரமும் வேண்டும். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு பெருகும், மாம்பூவும் இலையும் அடைத்த பீலி அதற்கு நல்ல இடம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது பார்க்கிற இடங்களில் பீலியும் ஒன்று. துணிக் கூரை தொய்ந்து குழி விழுந்தால் அங்கேயும் இதே கதைதான்.

தகட்டுக் கூரைக்கு 10 அடிக்கு ஒன்றேமுக்கால் அடி இறக்கம் கொடுத்தால் சாய்வு 10 பாகை வரும். நம்மூர் மழைக்கு அது நல்ல அளவு. பாஸ்மார் பலர் ஓரடியோடு நிறுத்துவார்கள். தகடுகளை இடையில் பொருத்தாமல் முழு நீளமாகப் போட்டால் அதுவும் சமாளிக்கும், ஆனால் இடையில் பொருத்து இருந்தால் காற்றோடு வரும் மழையில் அதன் ஊடாகத் தண்ணீர் ஏறும்.

இதோடு சட்டத்தையும் பார்த்துவிடுவோம். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளின்படி வீட்டின் பின்னால் குறிப்பிட்ட அளவு இடம் திறந்த வெளியாக இருக்க வேண்டும். தூண் நட்டு, வீட்டோடு பொருத்தி, நிரந்தரக் கூரை போட்டால் அது கட்டடமாகக் கணக்கிடப்படலாம். சுருட்டும் துணி, குடை, தட்டி ஆகியவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. கொழும்பு மாநகர சபையோ, தெஹிவளை - கல்கிசை மாநகர சபையோ, உங்கள் பகுதிக்குரிய சபையில் ஒரு கைவரைபடத்தோடு போய்க் கேட்டுவிடுங்கள். அயல்வீட்டார் முறைப்பாடு கொடுத்த பிறகு கேட்பதை விட அது சுகம். தொடர்மாடியின் கீழ்த்தள வீடென்றால் முகாமைத்துவக் குழுவின் கடிதமும் வேண்டும்.

ஐந்தாம் படி: கூரை வகை

இப்போதுதான் எதைப் போடுவது என்ற கேள்வி. திசை, தேவை, தண்ணீர் மூன்றும் தெளிவாகிவிட்டால் பாதி வகைகள் தாமாகவே கழிந்துவிடும்.

பேச்சு வழக்கில் அமானோ ஷீற் என்று சொல்லப்படும் துத்தநாக-அலுமினிய முலாம் பூசிய தகடுதான் இங்கே அதிகம் பேர் போடுவது. மழை ஒரு சொட்டும் உள்ளே வராது, நீண்ட காலம் நிற்கும். இரண்டு குறை. மழைச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. வெயில் ஏறியதும் தகடே சூடாகி, அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். வெளிர் நிறம் எடுத்து, கீழே வெள்ளித்தாள் ஒட்டிய நுரைவிரிப்புப் போட்டால் இரண்டும் குறையும். கடும் சிவப்பும் கரும்பச்சையும் வீட்டு ஓட்டுக்குப் பொருந்தும் என்று எடுப்பவர்கள் சித்திரை மாதத்தில் அதன் பலனைத் தலையில் உணர்வார்கள். இன்னொரு முக்கியமான விஷயம்: கூரையை வீட்டுச் சுவரோடு இறுக ஒட்டாமல், வீட்டுத் தாழ்வாரத்துக்குக் கீழே ஓரடி இடைவெளி விட்டுப் பொருத்தினால் சூடான காற்று மேலேறி வெளியே போகும். மூடினால் அது உங்கள் சமையலறை யன்னலுக்குள் வரும்.

பொலிகாபனேற் ஷீற் வெளிச்சம் தரும், உடையாது. கண்ணாடி போலத் தெளிவானதை உட்காரும் இடத்துக்குப் போடாதீர்கள், வெயில் அப்படியே இறங்கும். பால் நிறமோ வெண்கலச் சாயமோ எடுங்கள். அறை அறையாக உள்ள இரட்டைத் தகடு சூட்டைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் அதன் முனைகளை அதற்கான நாடாவால் ஒட்டாவிட்டால் உள்ளே பாசியும் எறும்பும் குடியேறும், பிறகு சுத்தம் செய்ய வழியே இல்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். மேலுறையில் எந்தப் பக்கம் மேலே என்று எழுதியிருக்கும், அதைக் கிழித்து எறிந்த பிறகு கண்டுபிடிக்க முடியாது. பொருத்தும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மலிவான கண்ணாடிநார் ஷீற் சில வருடத்திலேயே மஞ்சளாகி நார் தெரியத் தொடங்கும். துணி காயப்போடும் மூலைக்கு அது போதும்.

பழைய அஸ்பெஸ்டஸ் ஷீற் வீட்டில் கிடக்கிறது, அதையே போடலாமே என்று நினைப்பவர்கள் உண்டு. வெட்டும்போதும் துளையிடும்போதும் பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு, புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. அதை அசைக்காமல் விடுவதே நல்லது.

முக்கோணமாகவும் சதுரமாகவும் இழுத்துக் கட்டும் நிழல்பாய் இப்போது கபேக்களில் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்கிறார்கள். அழகுதான், காற்றும் ஊடாகப் போகும், சூடான காற்றும் கீழே தங்காது. பின்னல் துணியென்றால் மழை ஒழுகும், நீர் புகாத துணியென்றால் குளம் கட்டும். நீர் புகாத துணிக்கு ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் நல்ல உயர வித்தியாசம் வேண்டும்: 12 அடிப் பாய்க்கு நாலடி வரை. அந்த இறங்கிய மூலையை மேற்குப் பக்கம் வைத்தால் நாலு மணி வெயிலில் ஒரு பங்கை அதுவே மறைக்கும். கபேக்காரர்கள் அழகுக்காக எந்தப் பக்கமோ இறக்குகிறார்கள், வீட்டில் அந்தச் சுதந்திரம் இல்லை.

சட்டங்கள் மட்டும் அடுக்கிய பேர்கோலா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகம் காசு வீணாவது இதில்தான். சட்டங்களைக் கிழக்கு மேற்காக ஓடவிட்டால், சூரியன் காலையில் இருந்து பின்னேரம் வரை இரண்டு சட்டத்துக்கு நடுவில் சொகுசாக நடந்து போகும். வடக்குத் தெற்காக ஓடவிட வேண்டும். சட்டத்தின் உயரமும் இடைவெளியும் ஒரே அளவாக, 4 அங்குலத்துக்கு 4 அங்குலமாக இருந்தால், காலை ஒன்பது மணிக்கு முன்னும் பின்னேரம் மூன்று மணிக்குப் பின்னும் சட்டங்களின் ஊடாக வெயில் இறங்காது. நடுப்பகலில் கோடு கோடாக வெயில் விழும். அதற்கு மேலே கொடி, நெற், அல்லது பொலிகாபனேற் போடலாம். பக்கவாட்டில் வரும் வெயிலுக்கு இரண்டாம் படியில் சொன்ன மறைப்பு இதற்கும் தேவை. மழைக்கு வெறும் பேர்கோலாவால் எந்தப் பயனும் இல்லை என்பதை யாரும் கடையில் சொல்வதில்லை.

சுவரில் பொருத்திச் சுருட்டும் துணிக்கூரைதான் இடம் குறைந்த வீட்டுக்கு என் தெரிவு. வேண்டிய நேரம் விரிக்கலாம், முன்விளிம்பு தாழ்வாக இறங்குவதால் மேற்கு வெயிலையும் ஓரளவு பிடிக்கும். பலத்த காற்றுக்கும் பெருமழைக்கும் முன்னால் சுருட்டிவிட வேண்டும். நனைந்ததைச் சுருட்டி வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், மறுநாள் வெயிலில் விரித்துக் காயவிடுங்கள். வீட்டில் பகலில் யாரும் இல்லை என்றால் இது ஒத்துவராது.

கிடுகுக்குக் கீழே இருக்கும் குளிர்ச்சிக்கு ஈடில்லை. யாழ்ப்பாணத்துக் கொட்டிலை நினைத்துக்கொண்டு கொழும்பில் போட ஆசைப்படுவோர் பலர். அங்கே நீண்ட வெயில்காலம் இருக்கிறது, கிடுகு நன்றாகக் காய்ந்துவிடும். இங்கே வருடம் முழுக்க ஈரம், அதனால் சீக்கிரம் உக்கிவிடும், பூச்சியும் பல்லியும் சேரும், நெருக்கமான வீடுகளுக்கு நடுவில் தீப்பயமும் உண்டு. ஆசை விடாவிட்டால் தகட்டுக் கூரைக்குக் கீழே உட்பக்கமாகக் கிடுகைக் கட்டுங்கள். மழை படாது, சூடும் சத்தமும் குறையும், பார்க்கவும் நன்றாக இருக்கும். தீ விஷயத்தில் மட்டும் கவனம் மாறாது.

மேலே தென்னையோ மாமரமோ நிற்கிறதா என்றும் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். தேங்காய் விழும் இடத்தில் எந்தக் கூரையும் காவல் இல்லை.

ஆறாம் படி: இரும்பா, அலுமினியமா, மரமா

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை, முகத்துவாரம் என்று கடலுக்குக் கிட்ட இருந்தால் முதல் எதிரி உப்புக் காற்று. சாதாரண பொக்ஸ் பாரில் (சதுர இரும்புக் குழாயில்) பெயின்ற் அடித்து நிறுத்தினால் முதலில் துருப்பிடிப்பது வெல்டிங் போட்ட இடமும், தூண் நிலத்தைத் தொடும் அடியும்தான். முலாம் பூசிய குழாய் வாங்கினாலும் வெல்டிங் சூட்டில் அந்த இடத்து முலாம் எரிந்துபோகும். எரிந்த இடத்தைத் தேய்த்து, துத்தநாகம் கலந்த முதற்பூச்சு அடித்து, பிறகுதான் நிறம் அடிக்க வேண்டும். குழாயின் திறந்த வாயை எல்லாம் மூடச் சொல்லுங்கள், உள்ளே தண்ணீர் போனால் வெளியே தெரியாமலே அரித்துவிடும். தூணை நேராக மண்ணில் புதைக்காமல், நிலத்துக்கு மேலே சில அங்குலம் எழும்பிய கொங்கிரீட் மேல் தகடும் போல்ட்டும் வைத்து நிறுத்தினால் அடி காய்ந்தே இருக்கும். கறள் பிடிக்காத உருக்கில் போல்ட், கொளுவி வாங்கினால் 316 என்ற தரத்தைக் கேளுங்கள். கடற்கரைக்கு 304 போதாது, பழுப்புப் புள்ளி போடும்.

பவுடர் பூச்சு அடித்த அலுமினியம் துருப்பிடிக்காது, விலை கூட. கடலில் இருந்து நாலைந்து தெருவுக்குள் இருந்தால் நான் யோசிக்காமல் அதைத்தான் எடுப்பேன். கடலில் இருந்து தள்ளி, மஹரகம பக்கம் இருப்பவர்களுக்கு ஒழுங்காகப் பூச்சடித்த இரும்பு போதும்.

மரம் என்றால் தேக்கு, பலா. இரண்டும் கறையானை ஓரளவு எதிர்க்கும், பலாவின் மஞ்சள் நாளடைவில் கருஞ்சிவப்பாக மாறும். மொரட்டுவைப் பக்கம் பழைய வீடுகளில் கழற்றிய வளைகள் கிடைக்கும். நன்றாகக் காய்ந்த பழைய மரம் புதிதை விட நெளியாமல் நிற்கும். பனை வளை கிடைத்தால் அதுவும் நல்ல சாமான்.

ஏழாம் படி: காற்றுக்குப் பிடிக்கும் பிடி

கூரையின் பாரம் கீழே அழுத்தும், அதைத் தாங்கினால் போதும் என்றுதான் நினைப்போம். இந்த மாதிரி இலேசான கூரையைப் பிடுங்குவது மேல்நோக்கிய இழுவை. இடியோடு வரும் காற்று மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் அடித்தால் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 25 கிலோ இழுவை வரும். நம்முடைய 10க்கு 12 அடிக் கூரைக்கு அது 270 கிலோவுக்கு மேல். தூண் குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அகலமும் இரண்டடி ஆழமும் என்று வைத்தால் அதற்குள் நிரம்பும் கொங்கிரீட் 300 கிலோ வரும், நாலு குழிக்கு 1200 கிலோ. தகட்டுக் கூரைக்கு இது தாராளம். நிழல்பாய்க்கு இது போதாது. அங்கே தூண் பக்கவாட்டில் இழுபடும், ஆகவே குழி இன்னும் ஆழமாகவும் தூண் வெளிப்பக்கம் சாய்வாகவும் இருக்க வேண்டும்.

எல்லை மதிலில் பாயின் கொளுவியை அடிக்காதீர்கள். நாலு, நாலரை அங்குல மதில் தன் பாரத்தைத் தாங்கத்தான் கட்டியது, பக்கவாட்டில் இழுக்க இல்லை. வீட்டுச் சுவரிலும் செங்கல்லில் போடாமல் கொங்கிரீட் தூணிலோ பீமிலோ போல்ட் போட வேண்டும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே எங்கே கொங்கிரீட் என்று அனுபவமுள்ள மேசனுக்குத் தெரியும்.

குழி தோண்டும் முன், மலகூடக் குழி, கழிவுக் குழாய், தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று வீட்டு வரைபடத்தைப் பாருங்கள். பழைய வீடென்றால் மூடிகளைத் திறந்து திசை பிடிக்க வேண்டியதுதான். தெருவில் இருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பிக்குக் கிட்டக் கூரை போகக் கூடாது. இடியும் மின்னலும் உள்ள ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில், கூரை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் வீட்டுக்குள் போய்விடுங்கள். திறந்த கொட்டில் மின்னலுக்குக் காவல் இல்லை.

எட்டாம் படி: பாஸோடு பேசுவது

இவ்வளவையும் ஒரு கடதாசியில் வரைந்து, திசை குறித்து வைத்துக்கொண்டு பாஸைக் கூப்பிடுங்கள். “பாஸ், பின்னேரம் நாலு மணிக்கு இந்தக் கதிரையில் நிழல் விழவேண்டும்” என்று சொல்லித் தொடங்கினால் பேச்சே வேறு மாதிரிப் போகும். நல்ல பாஸ்மார் உடனே மேற்கைப் பார்ப்பார்கள். “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்பவரை விட்டு இன்னொருவரைக் கேட்கலாம்.

விலைப்பத்திரத்தில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். பொக்ஸ் பாரின் அளவோடு சுவர்த் தடிப்பும் வேண்டும். 2க்கு 2 அங்குலம் என்று சொல்லி 1.2 மில்லிமீற்றரும் வரும், 2 மில்லிமீற்றரும் வரும், வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தூணுக்கு 2 மில்லிமீற்றருக்குக் குறைய வேண்டாம். தகட்டின் தடிப்பு, ஆணிக்கு றப்பர் வாசர் உண்டா, முதற்பூச்சு எத்தனை தடவை, குழியின் ஆழம், பீலியும் குழாயும் விலைக்குள் அடங்குமா, எல்லாம் எழுத்தில் வரட்டும். சாமான் விலை தெரிந்துகொள்ளப் பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், வாங்குவது எங்கே என்றாலும் பேரம் பேச ஒரு கணக்குக் கையில் இருக்கும்.

வேலைக்கு நல்ல காலம் ஜனவரி, பெப்ரவரி. மழை குறைவு, கொங்கிரீட் இறுகவும் பெயின்ற் காயவும் நாள் கிடைக்கும். கொங்கிரீட் போட்ட அன்றே தூணில் கூரையை ஏற்ற விடாதீர்கள், ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றி இறுகவிடுங்கள். பாஸ் அவசரப்படுவார், அடுத்த வேலை காத்திருக்கும். பணத்தைச் சாமானுக்கு ஒரு பங்கு, சட்டகம் நின்றதும் ஒரு பங்கு என்று கொடுத்து, கடைசிப் பங்கை ஒரு பெருமழை பெய்து முடியும் வரை வைத்துக்கொள்ளுங்கள். மழை வராவிட்டால் தோட்டக் குழாயைக் கூரையில் பதினைந்து நிமிடம் திறந்துவிட்டு, பொருத்துகள் ஒழுகுகின்றனவா, பீலித் தண்ணீர் வடிகாலுக்குப் போகிறதா, மதிலுக்கு அப்பால் ஏதும் சொட்டுகிறதா என்று பாஸையும் கூட வைத்துக்கொண்டே பாருங்கள்.